முதல் வரியில் ஒரு பெயர்

— தண்ணியில விஷம் கலக்கப் போட்ட பிளானாம், கமலாசனி மிஸ். பொலிசுல அப்படித்தான் சொல்றாங்க.

— ஆர், அழகமுத்துவோ? உங்கட தம்பியோ? ராஜலிங்கம், கதிரையில இருந்து ஆறுதலாச் சொல்லுங்கோ.

— உக்கார முடியலைங்க. முந்தாநேத்து பிலிமத்தலாவை போர்டிங் ரூம்ல வச்சுத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அவன் கம்பியூட்டரத் தொறந்தா நம்ம மடுல்கெல்ல எஸ்டேட் மேப்பு. நம்ம லயத்துல குளிக்கிற பீலி, தண்ணித் தாங்கி, ஓடை எல்லாத்துலயும் செவப்புப் புள்ளி. சண்டை நடக்கிற நேரத்துல தமிழ்ப் பையனுக்கு இது எதுக்குன்னு கேக்குறாங்க.

— கடவுளே. அது எலிக்காய்ச்சல் எந்தத் தண்ணியால பரவுது எண்டு பார்க்கிற படம். போன வருஷம் உங்கட லயத்தில சனம் செத்ததெல்லோ.

— எங்கம்மாவும்தான் மிஸ். அதுக்குத்தானே அவன் ராப்பகலா உக்காந்தான்.

— ஓம். ஆராய்ச்சி செய்யக் காசில்லை, கையில தரவுமில்லை எண்டு என்னட்ட வந்து அழுதவன். பிரேசில்காரர் தங்கட ஊர் எலிக்காய்ச்சல் தரவையும், அதை ஆராயிற செய்முறையையும் ஆரும் எடுக்கலாம் எண்டு இன்டர்நெட்டில போட்டிருக்கினம். அதை எடுத்து உங்கட ஓடைக்குப் பொருத்திப் பார் எண்டு நான்தான் காட்டிக் குடுத்தனான். கம்பஸ் நூலகத்தில என்ர வேலையே அதுதானே.

— வெளிநாட்டு ஃபைலுன்னு அதுக்கும் கத்துறாங்க. புலிக்கு அங்கெல்லாம் ஆளு இருக்காம்.

— விசர்க்கதை. அழகமுத்து இதையெல்லாம் சொல்லேல்லையோ?

— சொன்னான். அடிச்சாங்க. யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாங்க. தானாப் படிச்சேன்னான். இன்னும் அடிச்சாங்க. ஒரு தடவ பாக்க விட்டாங்க மிஸ். வலது கை வீங்கிப் போயி சோத்தக்கூட எடுக்க முடியல அவனால.

— என்ர பேரைச் சொல்லியிருக்கலாமே அந்தப் பிள்ளை.

— சொல்லலைங்க. ஆனா ஃபைல்ல மொத வரியிலயே இருக்கு. ‘கமலாசனி அக்கா காட்டித் தந்த வழி’ன்னு.

— நான் பழக்கினதுதான். மற்றாக்களின்ர தரவை எடுத்தா, மற்றாக்கள் காட்டின வழியில போனா, முதல் வரியில அவையின்ர பேரைப் போட வேணும், போடாட்டிக் களவு எண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லுறனான்.

— நீங்க சொன்னா அப்படியே கேப்பான், மிஸ்.

— எந்தக் கமலாசனி எண்டு கேட்டிருப்பினமே?

— கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. அவன் வாயத் தொறக்கல.

— சரி, நான் வாறன். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோட பொலிசுக்குள்ள போக எனக்குப் பயம்தான், மறைக்கேல்லை. ஆனா இதை விளங்கப்படுத்த வேற ஆளில்லை. பிரேசில்காரரின்ர பக்கத்தைத் திறந்து காட்டுவன். அந்தக் குடையை எடுங்கோ, பஸ் பிடிப்பம்.

— மிஸ்.

— என்ன, ஏன் நிக்கிறியள்?

— ஆளக் காட்டுனா தம்பிய விட்டுடுறோம்னாங்க. பஸ் வேணாங்க. கீழ பொலிஸ் ஜீப்பு நிக்குது. நான் அதுலதான் வந்தேன்.