துலுக்கானம் பேரில் நான்கு வண்டி

செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா, அம்பத்தூரில் குடியிருக்கும் காலஞ்சென்ற வீரராகவன் மகள் தாட்சாயிணி, வயது நாற்பத்திரண்டு, தொழில் கணக்கு எழுதுவது, 1944-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 21-ந் தேதி சப் மாஜிஸ்திரேட் அவர்கள் முன்பாகப் பிரமாணம் செய்து கொடுக்கும் வாக்குமூலம்.

நான் மேற்படி ஊரில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். என் தகப்பனார் அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். அவருக்குக் கண் மங்கிய பிறகு அவர் சொல்ல நான் எழுதிப் பழகினேன். அவர் காலமான பிறகு அதையே தொழிலாகச் செய்து வருகிறேன். மண்டிக்காரர்கள் பெண்பிள்ளையிடம் கணக்கைக் கொடுக்க மாட்டார்கள். ஆகையால் சொந்தமாகத் தொழில் நடத்தும் பெண்பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். ஆவடி பட்டாள டிப்போவுக்கு எதிரே சாப்பாட்டுக் கிளப் வைத்திருக்கும் சொர்ணமும், கொரட்டூரில் பிரசவம் பார்க்கும் முனியம்மாவும், இந்த வழக்கில் பிராது கொடுத்திருக்கும் நாகவல்லியும் என்னிடம் கணக்கு எழுதிக்கொள்கிறவர்கள். பஞ்சாயத்து போர்டிலிருந்து வரி நோட்டீசு வந்தால் படித்துச் சொல்வது, மனு எழுதுவது, போர்டு ஆபீசுக்குக் கூடப் போய் நிற்பது எல்லாம் என் வேலை. கூடப் போய் நிற்பதுதான் பெரிய வேலை. வண்டிக்காரர்களை வாய் கிழியத் திட்டும் நாகவல்லிகூட குமாஸ்தாவைக் கண்டால் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

நாகவல்லி வாடகைக்கு மாட்டு வண்டி விடுகிறாள். அவள் புருஷன் துலுக்கானம் 1937-ல் வீட்டில் ஒரு வண்டியையும் கிழட்டு மாடுகளையும் விட்டுவிட்டு ரங்கூனுக்குப் போய்விட்டார். முதல் வருஷம் கடுதாசி வந்தது. பிறகு வரவில்லை. அதன் பிறகு நாகவல்லி வளையலை விற்று நல்ல மாடு பிடித்து, மதுரைவீரன் என்பவரை வண்டி ஓட்ட வைத்து, செங்கல் சூளைக்கு வாடகை அடித்தாள். யுத்தம் வந்து ஆவடியில் டிப்போ கட்ட ஆரம்பித்ததும் செங்கலும் மணலும் ஏற்ற வண்டி போதவில்லை. அவளுக்கு ஒன்று நான்காயிற்று. இதில் துலுக்கானம் ஒரு ஆணிகூட அடித்ததில்லை என்பதை நான் நேரில் அறிவேன்.

வண்டி ஒவ்வொன்றுக்கும் அரை வருஷத்துக்கு ஒருதரம் போர்டில் வரி கட்டி, தகர வில்லை வாங்கி வண்டியில் அடிக்க வேண்டும். ரசீதிலும் வில்லையிலும் போர்டு ரிஜிஸ்தரிலும் சொந்தக்காரர் பெயர் இருக்கும். நாகவல்லி நான்கு வண்டிக்கும் துலுக்கானம் பேரையே எழுதச் சொன்னாள். அவர் பெயரை எழுதி, அவருக்காக அவர் மனைவி என்று கீழே குறித்து, அவளுடைய கைநாட்டை வாங்கி வந்தேன். பெயரை மாற்றிக்கொள் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். போர்டு குமாஸ்தா சம்பத்தும், ஆள் இல்லாத பேரில் எத்தனை நாள் ரசீது போடுவது என்று கேட்டார். அவள் கேட்கவில்லை. நானும் விடவில்லை. ஒருநாள் கோபம் வந்து, கணக்கு எழுதுகிறவள் சொன்னால் காதில் ஏறாதா என்று கத்தினேன். அதற்கு அவள் சொன்னது: "பேரை அடிக்கறதும் ஆளை அடிக்கறதும் ஒண்ணுதான்க்கா. அவரு அங்க இன்னா கஷ்டத்துல கீறாரோ. நானே அடிச்சுட்டா அவரு எப்டி ஊடு திரும்புவாரு?" அதன் பிறகு நான் வற்புறுத்தவில்லை.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம் அங்கிருந்து நடந்தே வந்தவர்களில் சிலர் ஊர் சேர்ந்தார்கள், பலர் சேரவில்லை. துலுக்கானம் வரவில்லை. தாலியைக் கழற்று என்று அவள் ஓரகத்திமார்களே சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. நாகவல்லி முந்தானையிலிருந்து வரி ரசீதை எடுத்து அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டி, "செத்தவனுக்கு எந்த சர்க்கார் வரி போடும்?" என்று கேட்பாள். எனக்குச் சிரிப்பு வரும். அடுத்த அரை வருஷத்துக்கும் அதே பேரை எழுதுவேன்.

இந்த ஆடி மாதம் ஒருநாள் மத்தியானம் துலுக்கானம் வந்து சேர்ந்தார். நாகவல்லி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பர்மாக் காட்டில் நடந்து வந்தவர் போலவே தெரியவில்லை, தொந்தி போட்டிருந்தது. அதைச் சொன்னால் நன்றாயிராது என்று வாயை மூடிக்கொண்டேன். இலை எடுத்த பிறகு நாகவல்லி அத்தனை வருஷத்து ரசீதுகளையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்து, "பாத்துக்கோ. ஒரு தபாகூட உன் பேரை உட்டதில்ல. அக்காவைக் கேளு" என்றாள். நான் ஆமாம் என்றேன். அவள் முகத்தை அன்றைக்குத்தான் நான் அப்படிப் பார்த்தேன், கல்யாணப் பெண்கூட அவ்வளவு பூரித்திருக்க மாட்டாள். அவர் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமை நாகவல்லி அம்மனுக்குக் கூழ் ஊற்றப் போயிருந்தாள். அந்தச் சமயத்தில் துலுக்கானம் வண்டிக் கொட்டகைக்குப் போய், சூளைக்கு லோடு இருக்கிறது என்று சொல்லி நான்கு வண்டியையும் கட்டச் சொன்னார். மதுரைவீரன் அம்மா வரட்டும் என்றார். துலுக்கானம் வில்லையைத் தட்டிக் காட்டி, "யாரு பேர்ல கீது, படி" என்று கேட்டதும் வண்டிக்காரர்கள் வண்டிகளைக் கட்டினார்கள். வண்டிகள் திரும்பவில்லை.

அதன் பிறகு, வண்டிகள் திருவேற்காட்டில் இருப்பதாக மதுரைவீரன் நடந்தே திரும்பி வந்து சொன்னார். நானும் நாகவல்லியும் அவருடன் போனோம். ஒரு வீட்டு வாசலில் நான்கு வண்டியும் அவிழ்த்து விட்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். அவள் பின்னால் ஒரு குழந்தை தத்தித் தத்தி நடந்து வந்தது. அதன் மூக்கும் காதும் துலுக்கானத்தை உரித்து வைத்தாற்போல் இருந்தன. பக்கத்து வீட்டாரை விசாரித்ததில், துலுக்கானம் ரங்கூனிலிருந்து 1942-லேயே திரும்பி அங்கேதான் குடியிருக்கிறார் என்று தெரிந்தது. அம்பத்தூருக்கும் திருவேற்காட்டுக்கும் ஐந்து மைல்தான் தூரம் என்பது கோர்ட்டார் அறிந்ததே. வேலி பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்வது. துலுக்கானம் வெளியே வந்து, நாகவல்லியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "இன்னாக்கா, நீ எழுதிக் குடுத்ததுதானே? ரசீது எம்பேரு, வில்லை எம்பேரு. என் வண்டியை நான் ஓட்டியாந்தா இன்னா தப்பு?" என்றார். நாகவல்லி மாடுகளை மட்டும் தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அதன் பிறகு அவள் போலீசில் பிராது கொடுத்தாள். தன் புருஷன் ரங்கூனில் குண்டுபட்டு இறந்துவிட்டதாகவும், வண்டிகளை ஓட்டிப் போனவன் யாரோ அந்நியன் என்றும் அதில் சொல்லியிருப்பதாக அறிகிறேன். நேற்று அவள் என் வீட்டுக்கு வந்து, நீயும் அப்படியே சொல்ல வேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆள் உயிரோடு இருக்கும்போது சத்தியம் செய்துவிட்டு எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அதற்கு அவள், "அத்தினி வருசம் அவரு உயிரோட கீறாருன்னு எனக்காவ எழுதினியே. இப்ப ஒரே ஒரு தபா செத்துட்டாருன்னு சொல்லேன்க்கா" என்றாள். நான் இரவு சாப்பிடவில்லை.

கோர்ட்டார் கேட்டதற்குச் சொல்கிறேன். எதிரியாக இங்கே நிற்பவர் துலுக்கானம்தான். அவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அவரை எனக்குத் தெரியும். வண்டிகளும் மாடுகளும் நாகவல்லி தன் உழைப்பில் வாங்கியவை. அவர் பெயரை எழுதியது அவருடைய சொத்து என்பதற்காக அல்ல. அவர் பிழைத்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதியது. அப்படி ஒரு காரணத்தை எழுத போர்டு மனுவில் இடம் கிடையாது.

நாகவல்லி பொய் சொல்கிறாளா என்று கேட்டதற்குச் சொல்கிறேன். இன்று காலை அவளைக் கோர்ட்டு வேப்பமரத்தடியில் பார்த்தேன். கழுத்தில் தாலி இல்லை. நெற்றியில் பொட்டும் இல்லை. கிட்டப் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும், எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் சொல்வது பொய் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

நான் சொன்னபடியே எழுதி எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கூட்டியதும் குறைத்ததும் இல்லை. அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வீ. தாட்சாயிணி