மச்சான் வாங்கிய போனோ பெட்டி

போனோ பிரீஆம்ப் வாங்கும்போது அவசரப்படக் கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. விலை குறைந்ததை வாங்கினால் பாட்டுக்குள் ஒரு வண்டு இரைந்துகொண்டே இருக்கும். விலை கூடியதை வாங்கினால் வீட்டுக்குள் இரைச்சல் கேட்கும். ஆகவே நடுத்தர விலையில், பொறுமையாக, விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்டு வாங்க வேண்டும். அமல்ராஜ் மச்சானும் கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

ஃபாதர், நீங்களும் பங்குப் பேரவையும் விளக்கம் கேட்டதால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். மறைக்க எனக்கு எதுவும் இல்லை. அந்தப் பெட்டியைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியாது என்பதால் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

இசைத்தட்டின் மேல் ஓடும் ஊசி எடுத்துத் தருகிற ஒலி மிகவும் மெலிந்தது. எறும்பு பேசுகிற மாதிரி. அதோடு, தட்டில் பதிக்கும்போதே தாழ்ந்த ஒலிகளை அடக்கி, கீச்சொலிகளைத் தூக்கித்தான் பதிக்கிறார்கள். இரண்டையும் சரிசெய்து பாட்டைப் பாட்டாகத் திருப்பித் தருவது போனோ பிரீஆம்ப். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். அதற்காக ஒரு குடும்பத்தில் இவ்வளவு நடக்கும் என்று பார்த்தால் சொல்ல முடியாது.

மச்சான் என் மனைவி நான்சியின் அண்ணன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது ஒரு டர்ன்டேபிளும் அட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் கொண்டுவந்தார். நம் பாடகர் குழுவை அவர் நடத்திய விதம் உங்களுக்கே தெரியும். பின் வரிசையில் யார் சுருதி விலகினாலும் திரும்பிப் பார்க்காமலே பெயரைச் சொல்வார்.

நான் புதுக்கோட்டையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுவதும் எதிரில் ஆளை உட்காரவைத்து, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்பது என் தொழில். அதனால் எதையும் ஒப்பிட்டுச் சொல்வதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. மச்சானுக்காக இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்து, வால்வு வைத்த ஒரு பெட்டியைச் சிபாரிசு செய்தேன். மேலே இரண்டு கண்ணாடிக் குழல்கள் ஆரஞ்சு நிறத்தில் எரியும். படத்தைப் பார்க்கும்போதே அதன் ஒலி நன்றாக இருக்கும் என்று தெரிந்துவிடும்.

மச்சான் வேறொன்றை வாங்கி வந்தார்.

"கோச்சுக்காதீங்க மாப்ள," என்றார். "திருச்சிக் கடையில ரெண்டையும் போட்டுக் காட்டுனாங்க. கேட்டுப் பாத்தேன், எனக்கு இதுதான் புடிச்சிச்சு."

வெறும் கறுப்புப் பெட்டி. ஒரு விளக்குகூட ஒழுங்காக இல்லை. அவர் வேறு வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை. நான் அத்தனை படித்துச் சொன்னதை, அவர் வெறும் காதால் கேட்டுத் தள்ளிவிட்டார் என்பதுதான் கொஞ்சம் உறுத்தியது.

அன்று அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு நாட்டியக் கச்சேரித் தட்டைப் போட்டார். "சலங்கையில ஒவ்வொரு மணியும் தனியா விழுவுது பாருங்க மாப்ள," என்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி அன்புமொழி கையில் கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்றாள். "நல்லாத்தானே இருக்குண்ணே?" என்று என்னைக் கேட்டாள்.

"பரவால்ல," என்றேன்.

அவர்கள் காப்பி எடுக்க உள்ளே போனபோது பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் அரிசி அளவில் சுவிட்சுகள் ஒரு வரிசையாக இருந்தன. ஊசிக்குத் தக்கபடி ஒலியைப் பொருத்துவதற்கானவை. தப்பாகத் தள்ளினால் கீச்சொலிகள் மங்கும் என்று படித்திருந்தேன். ஒன்றை நகத்தால் தள்ளினேன். நான் எதையும் உடைக்கவில்லை, ஃபாதர். ஒரு பொருளை எல்லா நிலையிலும் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மச்சான் வந்து தட்டை மறுபடி போட்டார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவர் நெற்றி சுருங்கியது.

"சலங்கை மங்குன மாதிரி இல்ல?"

"இல்லையே மச்சான். அப்படியேதான் இருக்கு."

அது பொய்யல்ல. எனக்கு அப்படியேதான் இருந்தது.

பெட்டியைக் குறை சொல்வார், வால்வுப் பெட்டியையே வாங்கியிருக்கலாம் என்பார், பிறகு சுவிட்சைத் திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். அவர் சுண்டுவிரலைக் காதில் விட்டுக் குடைந்தார். "பெட்டி புதுசு, அது என்ன செய்யும். என் காதுலதான் அழுக்கு போல," என்றார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

அதன்பின் ஞாயிறு பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இன்னொரு சுவிட்சைத் தள்ளினேன். ஒவ்வொரு முறையும் அவர் தன் காதைத்தான் சந்தேகப்பட்டார். நல்ல மனிதர்களிடம் இருக்கும் கோளாறு இது. பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தில் என்னால் ஆனதைச் செய்தேன். அவரிடம் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் பேசத் தொடங்கினேன். நான்சியிடம், "அண்ணனுக்குக் காது மந்தமாயிட்டு வருது. மனசு நோகாம, சத்தமாப் பேசு," என்று சொல்லிவைத்தேன். அடுத்த விருந்தில் அவள் "கோழிக் கொழம்பு ஊத்தவாண்ணே" என்று கேட்டது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அவர் திடுக்கிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

ஒருநாள் அவர் எதிரில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்தேன்.

"என்ன சொன்னீங்க மாப்ள?"

"ஒண்ணும் சொல்லல மச்சான்."

அதுவும் பொய்யல்ல.

திருச்சியில் காது டாக்டரிடம் நானே என் காரில் அழைத்துப் போனேன். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டிச் சோதித்துவிட்டு, "ஒங்க வயசுக்குக் காது அருமையா இருக்குங்க," என்றார் டாக்டர். மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. திரும்பும் வழியில் கீரனூரில் டீ குடிக்க நிறுத்தினோம்.

"டாக்டருங்க மனசு ஒடைஞ்சு போகக் கூடாதுன்னு அப்படித்தான் சொல்லுவாங்க மச்சான்," என்றேன். "வயசுக்குன்னு ஒரு வார்த்தை சேத்தாரே, கவனிச்சீங்களா?"

அவர் டீயைக் குடிக்கவில்லை. இங்கிட்டும் அங்கிட்டும் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஹாரன் சத்தம் கேட்கிறதா என்று சோதிக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

அந்த வாரம்தான் அவர் உங்களிடம் வந்து, காது சரியில்லாதவன் குழுவைக் கெடுத்துவிடக் கூடாது என்று சொல்லிப் பொறுப்பை விட்டது. என்னிடமும் ஒரு பழைய டர்ன்டேபிள் இருந்ததால், இசைத்தட்டுகளை என் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். "எனக்கு எதுக்கு மாப்ள. கேக்குற காது இருக்கற எடத்துல இருக்கட்டும்." அன்புமொழி அடுப்படியில் நின்று அழுதாள். "குளிக்கையிலகூடப் பாட மாட்டேங்குறாருண்ணே. வீடு வீடாவே இல்ல."

"போகப் போகப் பழகிரும்மா," என்றேன்.

குழுவுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நீங்கள் தேடினீர்கள். யாரும் முன்வராததால் நான் கடமையாக ஏற்றுக்கொண்டேன். திருவிழாப் பூசையில் வருகைப் பாடலின் சரணங்களை நானே தனியாகப் பாடினேன். நன்றாக வந்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. பலர் குனிந்திருந்தார்கள். பக்தி என்று நினைத்தேன். மச்சான் மட்டும் முன் பெஞ்சில், சோற்றில் கல்லைக் கடித்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

பூசை முடிந்ததும் ஆர்மோனியத்தருகே வந்தார். "மாப்ள, பல்லவியில அரைக்கட்ட எறங்குனீங்க. சரணத்துல சுருதி எங்கயோ போயிருச்சு. பின்னாடி ஒரு பொண்ணு ஒங்கள இழுத்துப் புடிக்கப் பாத்துச்சு, பாவம். டாம்பரின் மணியெல்லாம் ஒண்ணொண்ணாக் கேக்குது, அது மட்டுந்தான் சரியா இருந்துச்சு."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். வெளியே கொட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"காது போனவனுக்கு இதெல்லாம் எப்படி மாப்ள கேக்குது?"

நான் பாட்டுப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திருவிழாச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு நடந்தார்.

மதியம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கறுப்புப் பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். சாப்பாட்டு மேசையில் அப்படியே வைத்தார்.

"நான் வாங்குறப்ப இதெல்லாம் எடது பக்கமா இருந்துச்சு. இப்ப வலது பக்கமா இருக்கு. யாரு தள்ளுனா?"

நான்சி என்னைப் பார்த்தாள். "நான்தான்," என்றேன்.

"ஏங்க?"

"வால்வு பெட்டிதான் நல்லதுன்னு நான் அப்பவே சொன்னேன்."

மச்சான் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "அப்ப என் காது நல்லா இருக்கு," என்றார். "நான்சி, என் காது நல்லாத்தான் இருக்கு." பிறகு சோறு போடச் சொல்லி இரண்டு தட்டுச் சாப்பிட்டார். தன் இசைத்தட்டுகளை அள்ளிக்கொண்டு போகுமுன், தங்கைக்குக் காட்டுவதற்காக, என் டர்ன்டேபிளில் அந்தப் பெட்டியை மாட்டி, சலங்கைத் தட்டைப் போட்டார். சுவிட்சுகளை இடப்பக்கம் தள்ளி ஒரு தடவை, வலப்பக்கம் தள்ளி ஒரு தடவை.

"என்னங்க இவ்வளவு வித்தியாசம்," என்றாள் நான்சி. பிறகு என் பக்கம் திரும்பி, "எது தெளிவா இருக்கு, சொல்லுங்க," என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றேன்.

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் நான்சி என்னை அதே டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். அதில் கோடு சித்தன்னவாசல் பாறைச் சரிவு மாதிரி கீழே இறங்கியது. கீச்சொலிகள் எனக்குப் பல வருடமாகவே கேட்டிருக்காது என்றார்.

ஆகவே என் ஒப்புதல் இதுதான். சுவிட்சுகளைத் தள்ளியது நான். நல்ல காது உள்ள ஒரு மனிதரைச் செவிடு என்று நம்பவைத்து, பாடவிடாமல் செய்ததும் நான். மச்சானிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்கிறேன். குழுவை அவரிடமே கொடுங்கள். ஆனால் அந்த வரைபடத்தை மட்டும் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த டாக்டர் என் காதில் மாட்டிய ஹெட்போன் மிகவும் மட்டமானது. பாதிச் சத்தம் அதில் வரவே இல்லை. நடுத்தர விலையில் ஒன்று வாங்குங்கள் என்று அவருக்குச் சிபாரிசு செய்துவிட்டு வந்திருக்கிறேன்.