நான் வழிவிட்ட அம்மாள்

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டபடி. வயது நாற்பத்தொன்று. ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறேன். கம்பெனி கொடுத்த அறையில் தனியாக வசிக்கிறேன். மனைவியும் மகளும் ஊரில் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் மூலமாகப் போலீசாரிடம் நான் சொல்வதாவது:

ஊரில் பல வருடம் லாரி ஓட்டியவன். அங்கே பிரேக் இல்லாமல்கூட வண்டியை எடுப்போம், ஹாரன் இல்லாமல் எடுக்க மாட்டோம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பழக்க தோஷத்தில் ஹாரன் அடிக்க, முன்னால் போன கார்க்காரர் இறங்கி வந்து முறைத்தார். அதன் பிறகு எங்கள் மொழி பேசும் சூப்பர்வைசர், "அண்ணே, இங்க அது கெட்ட வார்த்தை மாதிரி. நின்னு வழிவிடுங்க. நன்றின்னு கை தூக்குவாங்க, நீங்களும் தூக்குங்க" என்றார். அப்படியே செய்து வந்தேன்.

கடைகளில் ரொட்டித் தட்டுகளை இறக்கும்போது யாரும் முகம் பார்ப்பதில்லை. வழிவிட்டால் மட்டும் யாராவது என்னைப் பார்த்துக் கை தூக்குவார்கள். உண்மையைச் சொன்னால், அதற்காகவே நிற்க வேண்டாத இடத்திலும் நிறுத்த ஆரம்பித்தேன். "இன்னிக்கு யார்கிட்டயாவது பேசினீங்களா?" என்று மனைவி போனில் கேட்பாள். "நிறைய பேரு கை காட்டினாங்க" என்பேன். "அதுக்குப் பேரு பேச்சா?" என்பாள்.

சம்பவத்தன்று காலை பெரிய சாலையில் ஓரத் தடத்தில் வந்துகொண்டிருந்தேன். அந்த அம்மாள் சாலையைக் கடக்கப் பையுடன் நடைபாதையில் நின்றுவிட்டு, சற்றுத் தள்ளியிருந்த சிக்னலுக்குப் போகத் திரும்பினார். நான் வேனை நிறுத்தி, விளக்கைச் சிமிட்டி, வாருங்கள் என்று சாடை காட்டினேன். அவர் தயங்கினார். மறுபடியும் காட்டினேன். அதன் பிறகு அவர் இறங்கி, வேனின் முன்னால் நடந்து, அடுத்த தடத்தில் கால் வைக்கும்போது என் பக்கம் திரும்பிச் சிரித்துக் கை தூக்கினார். நானும் தூக்கினேன். அப்போது என் வேனுக்குப் பின்னாலிருந்து அந்தத் தடத்தில் வந்த கார் அவர்மேல் மோதியது.

அதன் பிறகு சூப்பர்வைசர் என்னிடம், "கார்க்காரனைப் பிடிச்சு உள்ள வெச்சிருக்காங்க. நீங்க நிறுத்தினவரு, உங்க மேல தப்பே இல்ல. வாயத் தொறந்தா லைசென்ஸ் போயிடும், ஊருக்கு மூட்டை கட்டணும்" என்றார். என் வேன் மறைத்ததால் கார்க்காரருக்கு அம்மாள் தெரிந்திருக்க வழியில்லை. சிக்னலுக்குப் போனவரைக் கூப்பிட்டது நான்தான். இதைச் சொல்லவே யாரும் அழைக்காமல் வந்தேன்.

வரும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாளுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. பார்க்க அனுமதி கேட்டதற்கு, உங்களுக்கு என்ன வேண்டும் அவர் என்று கேட்டார்கள். தெரிந்தவர் என்று வாய் வரை வந்தது. யாருமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இது என் மொழியில் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
வேன் ஓட்டுநர்