பேக்லைட் வளையம்

அந்தப் பேனாக்கத்தியை மடக்கி வைத்ததற்கு முதலில் நன்றி. இந்த மேசை கொஞ்சம் ஆடுகிறது. ஒரு காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வைத்தால், எழுதுகிறவருக்கு வசதியாக இருக்கும். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை, நிதானமாகவே சொல்கிறேன்.

என் தொழில் மூக்குக்கண்ணாடி. இருபத்தாறு வருடமாக ஒரே கடை. கண்ணாடிச் சட்டத்தின் பொடித் திருகாணிகளோடு பழகிய கை என்பதால், கடிகாரத்தைத் திறக்கவும் தானாகவே கற்றுக்கொண்டேன். அது பிழைப்பு இல்லை, பித்து. அதிலும் எல்லாக் கடிகாரமும் இல்லை. ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால், கடலில் முக்குளிப்பவர்களுக்காகப் பிரெஞ்சுக்காரர்கள் செய்த கைக்கடிகாரங்கள் மட்டும். சுவிஸ் கடிகாரம் என்றால் ஊரே வாயைப் பிளக்கும். காசிருக்கிற எவனும் ஒன்று வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். இவை அப்படியில்லை. பத்துப் பேர் வேலை செய்த சின்னப் பட்டறைகள், ஆறேழு வருடம் மனம்போன போக்கில் எதையாவது செய்து பார்த்துவிட்டு மூடிப்போனவை. என்னிடம் பத்தொன்பது இருக்கின்றன. ஒன்றுக்கு இரண்டு திருகு, இரண்டாவது திருகு கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் வளையத்தைச் சுற்றும். ஒன்று பழைய டெலிவிஷன் பெட்டி மாதிரி சதுரம், ஆரஞ்சு முகம். இன்னொன்று ஆழம் போகப் போகத் தண்ணீரின் அழுத்தத்தாலேயே தன்னை இறுக்கி மூடிக்கொள்ளும். பார்க்க வேண்டுமானால் என் மனைவி காட்டுவாள். துணியால் துடைக்க வேண்டாம் என்று மட்டும் உங்கள் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள்.

இதைச் சேர்க்கிறவர்களுக்கு ஒரே நியதிதான். பட்டறையிலிருந்து எந்த உறுப்புகளோடு வெளியே வந்ததோ, அதே உறுப்புகளோடு கடிகாரம் இருக்க வேண்டும். முள் துருப்பிடித்தால் துருவோடு இருக்கட்டும். முகத்தின் கறுப்பு வெயிலில் வெளுத்துக் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்துவிட்டால் இன்னும் உத்தமம். பாலிஷ் போடுகிறேன், புது முள் மாட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது.

என் தங்கையின் கணவர் துறைமுகத்தில் முக்குளிக்கிறவர். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, கப்பல்களின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுவது வேலை. அவருடைய அப்பாவும் அதே வேலை பார்த்தவர். ஒரு பிரெஞ்சுக் கப்பல்காரன் தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்த கடிகாரத்தை மகனுக்கு விட்டுவிட்டுப் போனார். பழுப்பேறிய முகம், பேக்லைட் என்ற எளிதில் நொறுங்கும் பழங்காலப் பிளாஸ்டிக்கில் செய்த கறுப்பு வளையம். அந்த வளையம் ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக இருந்தது. அப்படி முழுசாகத் தப்பியவை உலகத்தில் எத்தனை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதைக் கட்டிக்கொண்டு அவர் இரும்பில் உரசுவார். கழற்றி ஜன்னல் ஓரம் எறிவார். ஒருமுறை பல்பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். என்னிடம் இருப்பதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், இதைக் கொடுங்கள் என்று ஏழு வருடம் கேட்டேன். கடைசியாகக் கேட்டபோது சிரித்தார்.

"நான் உயிரோட இருக்கற வரைக்கும் இது கைய விட்டு இறங்காது மச்சான். அப்புறம் நீங்களே எடுத்துக்கங்க."

"என்ன பேச்சு இது, வாயக் கழுவுங்க," என்று தங்கை அவர் தோளில் ஓர் அடி போட்டாள். எனக்கு அந்தப் பேச்சில் குறையொன்றும் தெரியவில்லை. அதை ஒரு நிபந்தனையாக மனதில் வாங்கிக்கொண்டேன்.

வளையத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இறங்கும்போது அதிலுள்ள புள்ளியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைப்பார். எத்தனை நிமிடம் ஆனது என்று முள்ளே அதில் காட்டும். உருளையில் இருப்பது ஐம்பது நிமிடக் காற்று, நாற்பது ஆனதும் திரும்பிவிடுவார். உருளையோடு வந்த காற்றுமானியின் முள் அடிக்கடி ஒட்டிக்கொள்ளும், அதை அவர் நம்புவதில்லை. அப்பாவின் கடிகாரத்தைத்தான் நம்பினார். இந்தக் காலத்துக் கடிகாரங்களில் வளையம் ஒரு திசையில்தான் சுற்றும். அந்தப் பழைய பிரெஞ்சு வளையம் இரண்டு பக்கமும் சுற்றும். அடியில் இருக்கும் ஒரு மெல்லிய கம்பிச் சுருள்தான் அதைப் பிடித்து நிறுத்துவது.

போன மாதம் அதை என்னிடம் கொண்டுவந்தார்.

"மச்சான், வளையம் லூசாயிடுச்சு. கை பட்டாலே சுத்துது. அடியில இருக்கற ஸ்பிரிங்க மாத்திக் குடுங்க."

"இது பேக்லைட், மாப்பிள்ளை. நெம்பி எடுத்தா உடைஞ்சிடும்."

"உடைஞ்சா உடையட்டும். ஏதாவது ஸ்டீல் வளையம் போட்டுக் குடுங்க. எனக்கு நேரம் சரியாக் காட்டினாப் போதும்."

அதை அவர் வாய் கூசாமல் சொன்னார். அவர் போன பிறகு கடிகாரத்தைப் பஞ்சில் பொதிந்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். என்ன மனிதர் இவர் என்று கசந்து போயிற்று. அந்தக் கசப்பு இன்னும் அடங்கவில்லை, மறைப்பானேன்.

வளையத்தை நான் நெம்பவில்லை. தேன்மெழுகை இளக்கி, ஊசி முனையால் இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். ஆறியதும் கையால் திருப்பிப் பார்த்தால் புதிதுபோல இறுக்கம். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, வாளியின் இரும்பு விளிம்பில் உரசிப் பார்த்தேன். உரசினால் மெழுகு விட்டுவிடுகிறது. மூன்று முறை பார்த்தேன். இரண்டு முறை வளையம் பின்னோக்கிப் போனது. அப்படிப் போனால் ஆன நேரத்தைக் கூட்டிக் காட்டும், ஆபத்தில்லை, ஆள் சீக்கிரமே மேலே வந்துவிடுவார். ஒரு முறை முன்னோக்கிப் பதினொரு நிமிடம் நகர்ந்தது. அப்படி நகர்ந்தால், ஐம்பத்தொரு நிமிடம் ஆனவருக்கு நாற்பதுதான் ஆகியிருக்கிறது என்று காட்டும். மூன்றில் இரண்டு முறை அவருக்குச் சாதகம் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மெழுகை மறுபடி விட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"புது ஸ்பிரிங் போட்டாச்சு. வளையமும் உடையல, உங்க அதிர்ஷ்டம்."

திருப்பிப் பார்த்தார். "என்னமா இறுக்கமா இருக்கு. உங்க கையே கை மச்சான்."

தங்கைக்கு ஒரே சந்தோஷம். சாப்பிடாமல் போகக் கூடாது என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் எண்ணெய்க் கப்பல். மேலே கயிறு பிடிக்கிறவர் அவருக்காகக் காத்திருந்து, நேரமாகிவிட்டது என்று கத்தி ஆளைக் கூப்பிட்டதெல்லாம் உங்கள் காகிதத்திலேயே இருக்கிறது. நடுக் கப்பலின் அடியில் இருக்கிறவருக்கு நேராக மேலே வர வழி கிடையாது, தலைக்கு மேல் முழுக்க இரும்பு. ஓரத்துக்கு நீந்தி வர எட்டு நிமிடம் வேண்டும். அவரை வெளியே எடுத்தபோதும் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. அந்தப் பட்டறைக்காரர்கள் சாமானியர்கள் இல்லை.

நான் கெட்டவனாக இருந்தால் அன்றைக்கே தங்கையிடம் கேட்டிருப்பேன். பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் கேட்டபோது அவள் மறுப்பே சொல்லவில்லை.

"உங்களுக்குத்தான் அண்ணா. அவரே சொன்னாரே. உப்புப் படிஞ்சு கிடக்கு, கழுவி வச்சுத் தரேன்."

வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறாள். பழைய கடிகாரத்துக்கு அதைவிடக் கொடுமை வேறு இல்லை. மெழுகெல்லாம் கரைந்து வெள்ளையாகத் தண்ணீரில் மிதந்திருக்கிறது. வளையம் அவள் விரலில் காற்றாடியாகச் சுற்றியிருக்கிறது. புது ஸ்பிரிங் என்று நான் சொன்னதை அவளும் பக்கத்தில் நின்று கேட்டவள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். கூடப் பிறந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இன்று காலை வரை எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் பல நாள் அப்படியே சொல்லியிருப்பேன். ஸ்பிரிங் புதிதா பழையதா என்று பார்க்க நீங்கள் கத்தியை எடுத்து வளையத்தின் இடுக்கில் வைத்தீர்கள். பேக்லைட் தாங்காது. அதனால்தான் வாயைத் திறந்தேன். உள்ளே இருப்பது பழைய ஸ்பிரிங்தான், நெம்ப வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து நான் மறைத்ததாகச் சொல்ல வேண்டாம். மெழுகு வேலை திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. கொடுத்தது வியாழன் மாலை. செவ்வாயும் புதனும் அவருக்குப் படித்துறை ஓரம் சின்னப் படகுகளில்தான் வேலை, அங்கே நேரம் தப்பினாலும் எழுந்து நின்றால் தலை தண்ணீருக்கு மேலே வந்துவிடும். வெள்ளிக்கிழமை நீளமான கப்பல் வருகிறது என்று தங்கைதான் போனில் சொன்னாள். அது எவ்வளவு நீளம் என்று நான் கேட்டேன்.

இவ்வளவையும் செய்தபோது தங்கையைப் பற்றி ஒரு கணமாவது நினைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். நினைக்காமல் இருப்பேனா, என்னோடு பிறந்தவள். அவளுக்கு மெல்லிய மணிக்கட்டு. அந்தக் கடிகாரம் அவள் கையில் நிற்காது.