முழங்காலைக் காட்டுங்கோ

மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகில் எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் துறைமுக உதைபந்தாட்ட ரீமுக்குக் காயம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“முகத்தைத் திறக்க வேண்டாம், முழங்காலைக் காட்டுங்கோ எண்டு சொன்னனான்,” என்றார் அவர்.

“ஏன் அண்ணை?”

“கடல்ல கிடந்த முகம். தகப்பனுக்கே அடையாளம் தெரியேல்லை. அதுதான் ஆஸ்பத்திரிப் பிரேத அறைக்கு என்னைக் கூப்பிட்டவை. ஒவ்வொரு மட்ச்சுக்கும் அந்தக் காலுக்கு நான்தானே பண்டேஜ் சுத்தினனான்.”

“உங்கட கோல்கீப்பர்தானோ?”

“ஓம்.”

லோஞ்ச் கரையை விட்டு நன்றாக விலகியிருந்தது. பிசியோதெரபிஸ்ட் தொடர்ந்தார்.

“பழைய காயத் தழும்பைப் பார்த்த உடனையே தெரிஞ்சிட்டுது. ஆனா கை பழக்கத்தில முழங்காலை அழுத்திப் போட்டுது. ‘நோகுதோ தம்பி’ எண்டு கேட்டும் போட்டன். தகப்பன் பக்கத்தில நிண்டவர்.”