எரிஞ்ச கொட்டகைக்குச் சாவி

இல்ல இல்ல, உக்காருங்க பெரியத்தான். ரெண்டு கையும் மீன் விழுதுல கிடக்கு, சாவிய எப்படி வாங்குவேன்? படகுக் கொட்டகையே எரிஞ்சு கரியாப் போச்சு, அதுக்குச் சாவியத் திருப்பிக் குடுக்க வந்திருக்கீங்க. உங்கள என்னன்னு சொல்றது. காப்பி அடுப்பு மேல இருக்கு, நீங்களே ஊத்திக்குங்க. இத நடுவுல விட முடியாது. நல்லாப் பிசையலன்னா சட்டியில போட்டதும் உதிர்ந்துரும்.

உங்க தம்பியா? கரையில கரிக்கட்டைய இழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கார், காலையிலருந்து. உங்க சைக்கிள வாசல்ல பாத்திருப்பார். பாத்தும் வரல. புள்ள சிக்னே வெளிய தள்ளுவண்டியில தூங்குறா. ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.

நாளைக்குக் கப்பல்ல த்ரோம்சோ போறீங்களாமே. மீன் பண்ணையில வேலைன்னு பக்கத்து பியார்னே வீட்ல சொன்னாங்க. அம்பத்தெட்டு வயசுல போய் யாரோ ஒருத்தர் மீனுக்குத் தீனி போடப் போறீங்களா? சரி, நான் கேக்கக் கூடாது. கேட்டுப் பழக்கமும் இல்ல. உங்க தம்பியக் கட்டி இந்த வீட்டுக்கு வந்து மூணு வருசத்துல உங்ககிட்ட மொத்தமா நான் பேசினது இன்னிக்குப் பேசுறதுல பாதி இருக்குமா?

எது, அந்தச் சுவத்துல மாட்டியிருக்கிற என் படமா? அதேதான். மேகத்துல உங்க விரல் ரேகை இன்னும் அப்படியே இருக்கு பாருங்க. காஞ்சிருச்சுன்னு நினைச்சுத் தொட்டுட்டீங்க. எண்ணெய்ச் சாயம் வாரக்கணக்குல ஈரமா இருக்கும்னு உங்களுக்கு என்ன தெரியும். ஐயோ, உன் வானத்துல ஓட்டை போட்டுட்டேனேன்னு கையப் பின்னாடி ஒளிச்சுக்கிட்டீங்க, சின்னப் புள்ள மாதிரி. எனக்கு அழிக்க மனசு வரல.

செவ்வாய்க்கிழமை காலையில ஊர்க்கூடத்துல தோருன் அக்கா படம் போடுற வகுப்பு நடத்துறாங்கல்ல, அதுக்கு நான் போனதே ஒரு கூத்து. வண்டியத் தள்ளிக்கிட்டு வாசல் வரைக்கும் போவேன், உள்ள எட்டிப் பாத்துட்டுத் திரும்பிருவேன். ரெண்டு வாரம் அப்படி. உள்ள இருந்ததெல்லாம் படிச்சவங்க. நர்ஸு, பல் டாக்டரு. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவ. சாயக் குழாய் மேல இருக்கிற பேரு ஒண்ணும் வாயில நுழையாது, மூடியோட நிறத்தப் பாத்துத்தான் எடுப்பேன். மூடிய மாத்திப் போட்டுட்டேன்னா போச்சு. என் மொத மலை கீரை மசிச்ச மாதிரி வந்துச்சு. உங்க தம்பி பாத்துட்டு, இத எந்த மாடு மென்னு துப்புச்சுன்னு கேட்டார். சிரிக்காதீங்க. பத்து நாள் நான் பிரஷ்ஷத் தொடல.

நீங்கதான் பதினோராவது நாள் கொட்டகைக் கதவ ரெண்டு பக்கமும் தெறந்துவிட்டு, இங்க நின்னு போடும்மா, மழை பெஞ்சாலும் தண்ணி தெரியும்னீங்க. எனக்குன்னு ஒரு சாவி வெட்டிக் குடுத்தீங்க. எனக்குன்னு யாரும் சாவி குடுத்ததில்ல பெரியத்தான். அங்க நின்னுதான் தண்ணிக்கு நீலம் போடுறத விட்டேன். எதிர்மலை தண்ணியில விழுந்தா அது பச்சையும் சாம்பலும்தான். தூரத்துல இருக்கிற மலைக்கு வெள்ளையில ஒரு துளி ஊதா போதும், தானாப் பின்னாடி போயிரும். அத யாரும் சொல்லித் தரல, நானே பாத்துப் பாத்துப் புடிச்சேன்.

ஆமா, எல்லாம் போச்சு. என் படம் போனா என்ன, பழகுற கை, இன்னும் நாலு போடலாம். உங்கப்பா கட்டின படகுல்ல போச்சு. உங்க தம்பி அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. மூணு வாரமா உங்க முகத்துல முழிக்கல. நீங்களாவே போய் தீயணைப்புக்காரங்ககிட்ட, காலையில வலை தச்சப்ப ஒரு சிகரெட் குடிச்சேன், அணைச்சேனான்னு ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் யாரும் வேற எதையும் தேடல. கடையில யாரோ உங்களக் காட்டி, இந்த ஓட்வாருக்குத் தீப்பெட்டி விக்காதீங்கப்பான்னாங்களாம். நீங்களும் சேந்து சிரிச்சீங்களாம். அதக் கேட்டதுலருந்து எனக்குச் சோறு எறங்கல.

நெசமாவே அணைக்கலையா நீங்க? நல்லா யோசிங்க. பாருங்க, தெரியலங்கிறீங்க. நாலு பேரு சொல்லச் சொல்ல உங்களுக்கே அப்படி ஆயிருச்சு.

அணைச்சீங்க பெரியத்தான். டப்பாவுல தண்ணி இருந்துச்சு, அதுல ஊறி உப்பிப் போய்க் கிடந்துச்சு உங்க சிகரெட். நான் பாத்தேன்.

ஆமா, அன்னிக்குத்தான். பன்னெண்டு மணிக்கு நான் அங்க படம் போடப் போனேன். என்கிட்ட யாரும் கேக்கல. நீ அங்க இருந்தியான்னு ஒரு ஆள் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், மூணு வாரமா.

அந்த மலை சரியா வரல, ரெண்டு தடவ சுரண்டித் தொடச்சேன். ஏழெட்டுத் துணி ஆயிருச்சு, எல்லாம் சாயத்துல கலக்குற ஆளிவிதை எண்ணெய். அத ஒண்ணாச் சுருட்டிப் போட்டா தானா சூடேறிப் பத்திக்கும், தீக்குச்சியே வேண்டாம், விரிச்சுக் காயப் போடுங்கன்னு தோருன் அக்கா மொத நாளே சொல்லியிருக்காங்க. தெரியாமப் பண்ணேன்னு சொல்ல முடியாது. எப்பவும் கொடியிலதான் போடுவேன். முந்தின வாரம் பியார்னே பொண்டாட்டி, என்ன லிவ், புள்ள துணி பக்கத்துல கோழி அறுத்துத் தொடச்ச துணியான்னு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தமாக் கேட்டாங்க. நாலு பேரு சிரிச்சாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. அதான் அன்னிக்கு எல்லாத்தையும் அட்டைப் பெட்டியில அமுக்கி, உங்க பழைய வலைக்கு அடியில தள்ளிட்டு வந்தேன். தார் பூசின பலகை, உச்சி வெயில். நாலு மணிக்குப் பொகை.

என்ன? என்ன சொல்றீங்க? எப்படியும் போறேன், அந்தப் பழி என்னோடயே போகட்டுமா? இப்படிச் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வாயத் தெறக்காம இருந்தேன், அவ்வளவு கேவலம் நான். இன்னொரு தடவ அப்படிச் சொல்லாதீங்க, நான் சரின்னுருவேன்.

ஆங், இதோ! அவர்தான் கூப்பிடுறார், சிக்னே முழிச்சிக்கிட்டா. வரேங்க! எழுந்திருக்காதீங்க பெரியத்தான், அந்தப் பக்கக் கதவு வழியாப் போயிறாதீங்க. புள்ளையத் தூக்கிக்கிட்டு அவரையும் கூட்டிட்டு வந்துர்றேன், நீங்க இங்க இருக்கும்போதே அவர்கிட்ட நானே சொல்லிர்றேன்.