அணிவகுப்புக்கு வராத கார்

“மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாமாங்க?”

“அதுக்கு மகாராணி மனசு வைக்கணும்.”

வருடா வருடம் பழைய வாகனக் கண்காட்சிக்குக் கிளம்பும்போது நானும் என் கணவரும் இப்படித்தான் பேசிக்கொள்வோம். மகாராணி நானில்லை. என்னைவிட இருபது வயது மூத்த பச்சைக் கார்.

அவளைச் சக்களத்தியாக நான் நினைத்ததே இல்லை. வேலை முடிந்து வந்ததும் அவர் அவளுக்கு அடியில் படுத்துவிடுவார். நான் வெளியே நீட்டியிருக்கும் இரண்டு கால்களிடம் பேசுவேன். “காபி ஆறுதுங்க” என்றால் “ம்” என்று பதில் வரும். மரியாதையான கால்கள்.

முதல் கண்காட்சியில் அவள் தானாகவே மக்கர் பண்ணினாள். இழுவை வண்டி வர மூன்று மணி நேரம் ஆனது. அவர் என்னோடு புல்தரையில் உட்கார்ந்து, என் முழங்கைத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்டார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து.

அடுத்த வருடம், அணிவகுப்புக்குக் கொஞ்சம் முன்னால், கார் துடைத்த ஈரத்துணியைப் புகைக்குழாய்க்குள் திணித்தேன். அவருக்கும் ஓய்வு வேண்டாமா? கார் கிளம்பவில்லை. கூடியிருந்த ஆண்கள் அத்தனை பேரும் முன்பக்கம் குனிந்து இன்ஜினை ஆராய்ந்தார்கள். பின்பக்கம் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. இழுவை வண்டி வந்ததும் துணியை எடுத்துவிட்டேன்.

இப்படி ஆறு வருடம். அவர் இரண்டு முறை இன்ஜினைப் பிரித்துப் பூட்டினார். மெக்கானிக் அவருடைய பள்ளித் தோழர். “என் வண்டியைக் கெடுத்ததே நீதான்டா” என்று அவரைத் திட்டி அனுப்பினார். இப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேசுவதற்குத்தான் நான் இருக்கிறேனே.

இன்றும் துணியைத் திணித்தேன்; கார் கிளம்பவில்லை. ஆனால் புல்தரையில் உட்கார்ந்ததும் அவர் வாயே திறக்கவில்லை. தொப்பி போட்ட ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“அவருக்கே குடுத்துடலாம்னு இருக்கேன்,” என்றார் என் கணவர். “ஒரு தடவைகூட மைதானத்தைச் சுத்தி வர முடியல. என் கைக்கு ராசியில்ல போல.”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் எழுந்துபோய், அவர் பார்க்கவே துணியை உருவினேன். ஆறு வருடத்தையும் சொன்னேன். மெக்கானிக் மேல் தப்பில்லை என்பதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன்டி?”

உங்கள் ஓய்வுக்காக என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“வண்டி ஓடினாலும் என்கூடப் பேசுங்க,” என்றேன்.